வாயாடியும் மாடிவீட்டுக்காரரும்

அவளுக்கு வாயாடி என்று பெயர் வைத்தது அவளுடைய அம்மா. கோபத்தில் வைத்த பெயர், தெருவே பிடித்துக்கொண்டுவிட்டது. பள்ளியில் டீச்சர் கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவாள். பதில் தப்பு என்றால், கேள்விதான் தப்பு என்று சண்டைக்கு நிற்பாள். பெண் பார்க்க வந்தவர்களிடம் அப்பா, "பொண்ணு கொஞ்சம் பேசும்" என்று மென்று விழுங்கிச் சொன்னாராம். மாப்பிள்ளை தையல்காரர். "பரவாயில்லைங்க, நாள் முழுக்க மெஷின் சத்தத்துலதான் உக்காந்திருக்கேன்" என்றாராம். அந்த மனிதரோடுதான் இன்றுவரை குடித்தனம்.

கட்டட வேலைக்கு அவள் சித்தாளாகத்தான் போனாள். தலையில் சும்மாடு, அதன் மேல் கலவைச் சட்டி, கழுத்தில் தீராத வலி. அந்த வாய் ஒரு நாள் சோறு போடும் என்று யாரும் நினைக்கவில்லை. கிரேனுக்குக் கீழே நின்று சிக்னல் கொடுக்க வேண்டிய ஆள் பராக்குப் பார்த்துக்கொண்டிருந்த நேரம், பெரிய கலவைத் தொட்டி ஒன்று சாரத்தின் மேல் சாயப்போனது. அவள் போட்ட கூச்சலில் கிரேன் நின்றது, சாரத்தில் நின்ற கொத்தனார் பிழைத்தார். "இந்தத் தொண்டைய கல்லு சுமக்க விட்டா நமக்குத்தான் நஷ்டம்" என்று சொல்லி, மேஸ்திரி வாக்கிடாக்கியை அவள் கையில் திணித்தார்.

இந்த வேலையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். டவர் கிரேன் ஓட்டுகிறவர் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருப்பார். கட்டடத்துக்குப் பின்புறம் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அங்கே நிற்கிற சிக்னல்காரரின் குரல்தான் அவருக்குக் கண். சுமை நகர்கிறவரை அந்தக் குரல் ஓயக் கூடாது. குரல் நின்றால் சுமை நிற்கும். 'நிறுத்து' என்று ஒருவர் சொல்வதற்காக ஆபரேட்டர் காத்திருக்க மாட்டார். பேட்டரி தீர்ந்திருக்கலாம், சொல்லுகிறவர் மயங்கி விழுந்திருக்கலாம், யார் கண்டது? அதனால் மௌனம் என்றால் நில் என்று அர்த்தம். எல்லா கிரேனுக்கும் இதுதான் சட்டம்.

வாயாடிக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இந்த உலகத்தில் உண்டா? "அஞ்சாவது மாடிக்கு எறக்கு, எறக்கு, எறக்கு, மெல்ல, எறக்கு, இன்னும் கொஞ்சம், எறக்கு, வந்துட்டோம், எறக்கு" என்று மூச்சு விடாமல் சொல்லுவாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். பிறந்ததிலிருந்து வாயை மூடு என்று கேட்டே வளர்ந்தவளுக்கு, வாயைத் திறந்து வைத்திருப்பதற்குச் சம்பளம். வருஷக்கணக்கில் அப்படியே ஓடியது. அவள் கையில் ஒரு சுமையும் எங்கும் உரசியதில்லை.

பிறகு பழைய ஆபரேட்டர் வேலையை விட்டுப் போனார். புதிய கட்டடம், புதிய கிரேன், வெளிநாட்டிலிருந்து வந்த புதிய ஆபரேட்டர். எந்த நாடு என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. காலையில் ஏணி ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். அவள் அவருக்கு மாடிவீட்டுக்காரர் என்று பெயர் வைத்தாள். அவருக்குத் தமிழ் தெரியாது. இனிமேல் வாக்கிடாக்கியில் ஆங்கிலம் மட்டும்தான் என்று உத்தரவு வந்தது. சிக்னல் கொடுக்கிறவர்கள் வகுப்புக்குப் போக வேண்டும், பிறகு ஒரு பரிசோதகர் வந்து நேரில் பார்ப்பார்.

"பாஸ் ஆகலேன்னா?" என்று கேட்டாள்.

"மறுபடியும் சித்தாள் வேலைதாம்மா. நான் என்ன பண்ண?" என்றார் மேஸ்திரி.

"பாஸ் ஆவேன். சும்மாட்ட மறுபடியும் தலையில வெக்க மாட்டேன். எழுதி வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

வகுப்பு எடுத்தவள் ஒல்லியான ஒரு பெண், பொறுமைசாலி. பலகையில் இரண்டிரண்டு சொல்லாக எழுதிப் போட்டாள். கம் டவுன், கீழே இறங்கு. பேக் அவே, பின்வாங்கி விலகு. ஸ்விங் ரவுண்ட், சுழன்று திரும்பு. ஹோல்ட் ஆன், அப்படியே பிடித்துக்கொண்டு இரு. வாயாடி எல்லாவற்றையும் உருப்போட்டாள். பஸ்ஸில் முணுமுணுத்தாள், பாத்திரம் தேய்க்கும்போது முணுமுணுத்தாள். தையல்காரர் காஜா எடுத்துக்கொண்டே, "தூக்கத்துலகூட என்ன கம் டவுன்னு சொல்றே. நான் எங்கேர்ந்து எறங்கறது?" என்று கேட்டார்.

அவர் விளையாட்டாகக் கேட்டார். அவளுக்கு அது உறைத்தது. மறுநாள் வகுப்பில் எழுந்து நின்றாள். "டீச்சர், கம் டவுன்னு மட்டும் போட்டிருக்கீங்க. எங்கேர்ந்து, எது மேல, எது வரைக்கும்னு சொல்லாம எவன் எறங்குவான்?"

டீச்சர் முகம் சுளிக்கவில்லை. சிரித்துவிட்டு, ஒவ்வொரு ஜோடிக்கும் பின்னால் ஒரு வாலை எழுதினாள். கம் டவுன் டு த ஃபிஃப்த் ஃப்ளோர், ஐந்தாவது மாடிக்கு இறங்கு. பேக் அவே ஃப்ரம் த வால், சுவரை விட்டு விலகு. "டு வந்தா போய்ச் சேர்ற இடம், ஃப்ரம் வந்தா விட்டு வர்ற இடம். உங்க சைட்ல எப்படிப் பேசறாங்கன்னு காது கொடுத்துக் கேட்டுட்டு வாங்க, இன்னும் நெறைய வால் கெடைக்கும்" என்றாள்.

கேட்பதற்கு முன்னால் பேசுவதுதானே வாயாடியின் வழக்கம். அடுத்த நாளே மேஸ்திரியிடம் போய், ஒரே ஒரு சுமையை ஆங்கிலத்தில் இறக்கிக் காட்டுகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அவரும் சரி என்றார். மேலே ஒரு கட்டுப் பலகை தொங்கியது. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, வாக்கிடாக்கியின் பட்டனை அழுத்தி, கல்யாணப் பத்திரிகை வாசிக்கிற குரலில், "ப்ளீஸ் கம் டவுன் டு த தர்ட் ஃப்ளோர்" என்றாள். ஒரு எழுத்து பிசகவில்லை. பட்டனை விட்டுவிட்டுப் பெருமையாக நிமிர்ந்து பார்த்தாள்.

பலகைக் கட்டு கொஞ்சம் இறங்கி நின்றது.

அவள் காத்திருந்தாள். மாடிவீட்டுக்காரரும் காத்திருந்தார். அவள் மறுபடி முழு வாக்கியத்தையும் மரியாதையாகச் சொன்னாள். கட்டு மறுபடி கொஞ்சம் இறங்கி நின்றது. இப்படியே வாக்கியம், நிறுத்தம், வாக்கியம், நிறுத்தம். பலகைக் கட்டு விக்கல் எடுத்த மாதிரி வந்துகொண்டிருந்தது. பலகை அடிக்கிறவர்கள், கம்பி கட்டுகிறவர்கள், எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள். மேஸ்திரி வந்து வாக்கிடாக்கியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

வருஷக்கணக்கில் வாய் ஓயாமல் சுமை இறக்கியவள், ஆங்கிலம் என்றதும் வாக்கியத்தைச் சொல்லி முடித்து, முற்றுப்புள்ளி வைத்து, வாயை மூடிக்கொண்டுவிட்டாள். தன் தொழிலின் முதல் சட்டத்தையே மறந்துவிட்டாள். அவமானமாக இருந்தது. கழிவறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது, இனி வாயைத் திறப்பதற்கு முன்னால் காதைத் திறப்பது என்று முடிவு செய்திருந்தாள். அவள் வாழ்க்கையில் அப்படி ஒரு முடிவை எடுத்தது அதுதான் முதல் தடவை.

வளாகத்தின் மறுகோடியில் இன்னொரு கிரேன் இருந்தது. அதற்குச் சிக்னல் கொடுக்கிறவர் வெளிநாட்டுத் தளங்களில் வேலை பார்த்து வந்தவர். டீ குடிக்கிற நேரத்தில் மேஸ்திரியிடம் ஒரு வாக்கிடாக்கியை இரவல் வாங்கி, அந்த அலைவரிசைக்குத் திருப்பி, காதோடு வைத்துக்கொள்வாள். டீ ஆறிப்போகும்.

முதலில் அவளைத் திடுக்கிட வைத்தது ஒன்று உண்டு. நாம் 'அஞ்சாவது மாடிக்கு எறக்கு' என்கிறோம். இடம் முதலில், வேலை பிறகு. கேட்கிறவருக்கு எங்கே என்று தெரிந்த பிறகுதான் கை அசையும். இவர்கள் தலைகீழ். கம் டவுன் என்று வேலையை முதலில் அவிழ்த்து விட்டுவிட்டு, எங்கே என்பதைப் பின்னால் சொல்கிறார்கள். இடம் தெரிவதற்குள் சுமை கிளம்பிவிடாதா? காது கொடுத்துக் கேட்கக் கேட்கப் புரிந்தது. ஆபரேட்டர் முதல் இரண்டு சொல்லுக்குத் தயாராகிறார், வால் வந்த பிறகுதான் கிளம்புகிறார்.

இரண்டாவது விஷயம், அந்த வால் ஒரே ஒரு தடவைதான் வரும். கம் டவுன் டு த செகண்ட் ஃப்ளோர் என்று ஆரம்பித்தால், அப்புறம் டவுன், டவுன், ஈசி, டவுன், அவ்வளவுதான். ஈசி என்றால் மெல்ல. மாடியைத் திரும்பத் திரும்பச் சொல்லி யாரும் மூச்சை வீணாக்கவில்லை. சுவர் குறுக்கே வந்தால் மட்டும் புதிய வால் முளைத்தது. ஸ்விங் ரவுண்ட் டு த லெஃப்ட், இடப்பக்கமாகத் திரும்பு. கீப் அவே ஃப்ரம் த பில்லர், தூணை விட்டுத் தள்ளியே இரு. தரையைத் தொடப்போகும்போது செட் டவுன் ஆன் த ப்ளாங்க்ஸ், பலகைகளின் மேல் வை. அட, நம்ம பேச்சுதானே இது! இடத்தை ஒரு தடவை சொல்லு, பிறகு வேலையை மட்டும் சொல்லிக்கொண்டே இரு. அவள் தமிழில் செய்துகொண்டிருந்தது இதேதான்.

தெரிந்தது வேறு, நாக்கில் வருவது வேறு. அதற்குப் பழக வேண்டும். குடியிருந்த கட்டடத்தின் மாடிப்படிகளுக்கு நடுவே கீழ்வரை இடைவெளி இருந்தது. தையல்காரரை மேல் தளத்தில் ஒரு கூடையும் கயிறுமாக நிற்க வைத்தாள். கூடையில் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர். அவர் கீழே எட்டிப் பார்க்கக் கூடாது. அவள் கீழே நின்று சொல்லச் சொல்ல இறக்க வேண்டும், குரல் நின்றால் நிறுத்த வேண்டும்.

"பேக் அவே ஃப்ரம் த ரெய்லிங்!"

"அப்படின்னா?"

"கைப்பிடிய விட்டு வெலகுன்னு அர்த்தம்! எத்தன தடவ சொல்றது?"

"திட்டும்போது எறக்கறதா, நிறுத்தறதா?" என்று மேலேயிருந்து கேள்வி வந்தது.

நடுத் தளத்தில் நாத்தனார் குடியிருந்தாள். அவள் கதவைத் திறந்து வந்து கைப்பிடிக்கு மேலே தலையை நீட்டினாள். "என்ன அண்ணி, எங்கண்ணன் தச்சு சம்பாதிச்சது போதும்னு கிரேன் வேலைக்கு அனுப்பறீங்களா?"

வாயாடி சும்மா இருப்பாளா? "உங்கண்ணன் தச்சுக் குடுத்த ரவிக்கைக்கு இன்னும் கூலியே தராதவ நீ, பேச வந்துட்டியா?" என்று ஆரம்பித்தாள். அவள் பேசப் பேச, மேலே குரல் கேட்கிறதே என்று தையல்காரர் கயிற்றை விட்டுக்கொண்டே இருந்தார். கூடை நாத்தனாரின் தலையில் இறங்கிக் கவிழ்ந்தது. டம்ளர் உருண்டு கீழ்த்தளம்வரை போனது.

நாத்தனார் போட்ட சத்தத்தில் கட்டடமே கூடிவிட்டது. வாயாடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கூடையில் தண்ணீருக்குப் பதில் இரும்பு இருந்திருந்தால்? அவள் குரல் யாருக்கானது என்று கயிற்றைப் பிடித்திருப்பவருக்குத் தெரியாது. அவருக்கு அது குரல், அவ்வளவுதான். சண்டை போடுவதாக இருந்தால் முதலில் பட்டனை விட வேண்டும். அதை அவள் எந்தப் பலகையிலும் எழுதிப் படிக்கவில்லை.

நாத்தனார் தலையைத் துவட்டிக்கொண்டே, "நாளைக்கும் உண்டா? நான் குடை எடுத்துட்டு வரேன்" என்றாள். தினமும் வந்து படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். வேண்டுமென்றே வம்புக்கு இழுத்தாள். வாயாடி பல்லைக் கடித்துக்கொண்டு, டவுன், டவுன், ஈசி என்று கூடையிடம் மட்டும் பேசப் பழகினாள். கடைசியில் டம்ளர் தளும்பாமல் கீழே போட்டிருந்த ஸ்டூலில் வந்து உட்கார்ந்தது.

பரிசோதகர் வந்த அன்று காற்று கொஞ்சம் கூடுதலாக இருந்தது. அவர் வயதானவர், அதிகம் பேசாதவர். கட்டடத்தின் பின்புறம் ஐந்தாவது மாடியில், வெளியே நீட்டியிருந்த மரமேடையில் ஒரு கம்பிக்கட்டை இறக்க வேண்டும். மாடிவீட்டுக்காரருக்கு அந்தப் பக்கம் சுத்தமாகத் தெரியாது. வாயாடி மேடையின் ஓரமாக நின்றாள். அவளுக்குப் பின்னால், உள்ளே தூணருகில், ஆளுக்கொரு வாக்கிடாக்கியோடு பரிசோதகரும் மேஸ்திரியும். மேடைக்கு வரும் வழியைக் கயிறு கட்டி மறித்திருந்தார்கள்.

கம்பிக்கட்டு கூரைக்கு மேலே எழும்பி வந்தது. அவள் பட்டனை அழுத்தினாள்.

"ஸ்விங் ரவுண்ட் டு த லெஃப்ட். ரவுண்ட், ரவுண்ட், ஈசி, ரவுண்ட். கீப் அவே ஃப்ரம் த வால். அவே, அவே, குட். நவ் கம் டவுன் டு த ஃபிஃப்த் ஃப்ளோர். டவுன், டவுன், டவுன், ஈசி, டவுன்..."

ப்ளீஸும் இல்லை, முற்றுப்புள்ளியும் இல்லை. குரல் ஒரே இழையாகப் போனது. கம்பிக்கட்டு அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு இறங்கியது. அவளுக்கே சந்தோஷமாக இருந்தது. இது நானா, என் வாயா என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

அப்போது கயிற்றுக்கு அடியில் குனிந்து ஒரு ஆள் மேடைக்கு வந்தான். கம்பி கட்டுகிறவன். காலையில் கழற்றி வைத்த கையுறையை மேடையின் கோடியில் விட்டுவிட்டுப் போயிருந்தான். தூண் மறைத்ததால் பரிசோதகருக்கும் மேஸ்திரிக்கும் அவன் தெரியவில்லை. அவன் மேலே பார்க்கவே இல்லை.

வாயாடியின் விரல் பட்டனை விட்டது. சுமை நின்றது. அப்புறம்தான் அவள் கத்தினாள்.

"யோவ்! மேல பாருய்யா! வெளிய போ!"

காற்று அவள் குரலை எங்கேயோ கொண்டுபோனது. அவன் குனிந்து பலகை இடுக்கில் சிக்கிய கையுறையை இழுத்துக்கொண்டிருந்தான். அவள் மறுபடி கத்தினாள். பின்னால் நின்றவர்களுக்கு அது ஏதோ கூச்சலாகத்தான் கேட்டது. இவளுக்கு ஆங்கிலம் மறந்துவிட்டது, பதற்றத்தில் கத்துகிறாள் என்று மேஸ்திரி முடிவே கட்டிவிட்டார்.

"பேசும்மா! அதுல பேசு! அவர் பாத்துட்டிருக்காரு!" என்று கையைப் பிசைந்தார். பரிசோதகர் கையிலிருந்த பேனாவைத் திறந்தார்.

அவள் திரும்பவில்லை. பேனா திறந்தது ஓரக்கண்ணில் தெரிந்தது. சும்மாடு நினைவுக்கு வந்தது, கழுத்து வலி நினைவுக்கு வந்தது. ஒரே ஒரு டவுன் சொன்னால் போதும், அவர்கள் திருப்தியாகிவிடுவார்கள். சொல்ல மாட்டேன் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். காலடியில் கிடந்த மரத்துண்டு ஒன்றை எடுத்து அவன் பக்கம் வீசினாள். குறி தப்பியது.

மேஸ்திரிக்குப் பொறுக்கவில்லை. அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு தன் வாக்கிடாக்கியை எடுத்தார். "கம் டவுன்! கம் டவுன் டு த ப்ளாட்ஃபார்ம்!" என்று அதட்டினார்.

அவள் சட்டென்று தலையைத் தூக்கிச் சுமையைப் பார்த்தாள்.

கம்பிக்கட்டு அசையவில்லை.

மூன்று பேர் கையிலும் இருந்த வாக்கிடாக்கியில் மாடிவீட்டுக்காரரின் குரல் நிதானமாக வந்தது. "நோ சார். ஐ ஆம் ஹோல்டிங் ஆன் ஃபார் ஹெர்."

இல்லை சார், அவங்களுக்காகப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன். அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். அவளுக்குத் தெரிந்த வாலெல்லாம் இதுவரை மாடி, சுவர், தூண், பலகை. இந்த வாலில் அவள் இருந்தாள். முகமறியாத ஒரு மனிதர், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இரும்பைத் தொங்கவிட்டுக்கொண்டு, அவள் மௌனத்தை நம்பி உட்கார்ந்திருந்தார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்க நேரமில்லை. இரண்டாவது மரத்துண்டை எடுத்து வீசினாள். அது அந்த ஆளின் ஹெல்மெட்டில் பட்டது. அவன் நிமிர்ந்தான், மேலே பார்த்தான், முகத்தில் ஈயாடவில்லை. கையுறையை விட்டுவிட்டு, விழுந்தடித்துக்கொண்டு தூணைச் சுற்றி உள்ளே ஓடி வந்தான். பரிசோதகரும் மேஸ்திரியும் அப்போதுதான் அவனைப் பார்த்தார்கள்.

வாயாடி மேடையை ஒரு தடவை கோடிவரை பார்த்தாள். பட்டனை அழுத்தினாள்.

"தேங்க் யூ. கம் டவுன் டு த ப்ளாட்ஃபார்ம். டவுன், டவுன், ஈசி, டவுன். செட் டவுன் ஆன் த ப்ளாங்க்ஸ். டவுன், டவுன், டவுன்." கம்பிக்கட்டு பலகைகளின் மேல் சத்தமில்லாமல் உட்கார்ந்தது.

மேஸ்திரி தலையில் கைவைத்துக்கொண்டு தூணோடு சாய்ந்துவிட்டார். பரிசோதகர் அவளருகில் வந்து மேடையை எட்டிப் பார்த்தார். கோடியில் கையுறை கம்பிக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது.

"ஒண்ணு மட்டும் கேக்கணும்மா. பேச்ச நிறுத்தினது வேணும்னேவா, இல்ல வார்த்தை வரலியா?"

"வேணும்னேதான் சார். வார்த்தைக்கு என்கிட்ட எப்பவும் பஞ்சமில்ல" என்றாள் அவள்.

அவர் பேனாவால் எழுதவேண்டியதை எழுதி, பாஸ் என்று சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் மாடிவீட்டுக்காரர் ஏணியை விட்டு இறங்கும்வரை அவள் கீழே காத்திருந்தாள். நரைத்த மீசை, சின்ன உருவம். என்ன சொல்வது என்று அவள் ஏகப்பட்டது யோசித்து வைத்திருந்தாள். அவர் ஹெல்மெட்டைக் கழற்றித் தலையசைத்தார். அவளும் தலையசைத்தாள்.

வீட்டுக்கு வந்தபோது, வழக்கமான நேரம் என்பதால் தையல்காரர் மேல் தளத்தில் கூடையோடு தயாராக நின்றார். நாத்தனார் நடுத் தளத்தில் குடையோடு. கூடை கைப்பிடிக்கு வெளியே தொங்கியது. வாயாடி கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். பாஸ் என்று சொல்ல வாயைத் திறந்தவள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கூடை அப்படியே நின்றது.

"என்னடி, சத்தத்தையே காணோம்?" என்றார் தையல்காரர் மேலேயிருந்து. அவர் எட்டிப் பார்க்கவில்லை, சட்டம் சட்டம்தான். "கை கடுக்குது. சொல்லு, எப்ப எறக்கணும்? உனக்காகத்தான் புடிச்சுக்கிட்டு நிக்கறேன்."